பன்னாட்டு மாணவர் வளாகப்புறத் தங்குமிடம்

பன்னாட்டு மாணவர் வளாகப்புறத் தங்குமிடம் என்பது, வேறொரு நாட்டில் உயர்கல்வி பயிலும் மாணவர் ஒருவர் பல்கலைக்கழக விடுதிக்கு வெளியே, தனியாரிடமிருந்து வாடகைக்குப் பெறும் அறையை அல்லது வீட்டைக் குறிக்கும். பேச்சுவழக்கில் இது ஆஃப் கேம்பசு வீடு என்று அழைக்கப்படுகிறது. பல்கலைக்கழக விடுதிகளில் இடம் குறைவாக இருப்பதாலும், விடுதிக் கட்டணம் சில நகரங்களில் பகிர்வு வீட்டை விடக் கூடுதலாக இருப்பதாலும், சொந்தமாகச் சமைத்து உண்ணும் வசதியை நாடுவதாலும் மாணவர்கள் வளாகத்துக்கு வெளியே தங்குகின்றனர்.

உள்நாட்டு மாணவர் வீட்டை நேரில் பார்த்து, பெற்றோரைப் பிணையாகக் காட்டி ஒப்பந்தம் செய்ய இயலும். பன்னாட்டு மாணவருக்கு இவ்விரண்டும் பெரும்பாலும் வாய்ப்பதில்லை. காணாத வீட்டுக்கு, அறியாத சட்டத்தின் கீழ், பல ஆயிரம் கிலோமீட்டர் தொலைவிலிருந்து பணம் அனுப்ப வேண்டிய நிலை அவருக்கு ஏற்படுகிறது. முகவரிப் பதிவு, வங்கிக் கணக்கு, வதிவிட அனுமதி ஆகியவையும் பல நாடுகளில் தங்குமிடத்தைச் சார்ந்திருப்பதால், வீடு கிடைக்காமை கல்வியையே பாதிக்கக்கூடியது.

வரலாறு

தமிழ்நாட்டிலிருந்து கல்விக்காகக் கடல் கடந்தோர் தங்குமிடம் தேடிய வரலாறு நூறாண்டுகளுக்கும் மேற்பட்டது. பிரித்தானிய ஆட்சிக் காலத்தில் சட்டம், மருத்துவம், குடிமைப் பணித் தேர்வு ஆகியவற்றுக்காக இந்தியர்கள் இலண்டன் சென்றனர். அவர்களுக்கெனத் தனி விடுதிகள் தொடக்கத்தில் இல்லை. 1888 இல் சட்டம் பயிலச் சென்ற மோகன்தாசு காந்தி முதலில் விடுதியிலும், பின்னர் ஒரு குடும்பத்தினரின் வீட்டில் கட்டண விருந்தினராகவும் தங்கினார். செலவைக் குறைக்க முடிவு செய்தபின், தனி அறை எடுத்துக் காலை உணவைத் தாமே சமைத்துக்கொண்டார்.

1905 சூலை 1 அன்று சியாம்சி கிருட்டிண வர்மா, இலண்டனின் ஐகேட் பகுதியில் குரோம்வெல் அவென்யூவில் இந்தியா இல்லம் என்னும் மாணவர் விடுதியைத் திறந்தார். நிறப் பாகுபாட்டின் காரணமாக வாடகை அறை கிடைக்காமல் அல்லலுற்ற இந்திய மாணவர்களுக்கு இது தங்குமிடமாக அமைந்தது. நாட்டு விடுதலை இயக்கத்தின் மையமாகவும் இது விளங்கியது. தமிழர்களான வ. வே. சு. ஐயரும் தி. சே. சௌ. இராசனும் இங்கு தங்கியிருந்தனர். 1909 இல் கர்சன் வைலி கொல்லப்பட்டதை அடுத்து இவ்வில்லம் மூடப்பட்டது.

அதன் பின்னர் இந்திய மாணவர்களுக்கான அரசுத் தகவல் மையமும் தற்காலிகத் தங்குமிடமும் இலண்டன் 21, குரோம்வெல் சாலையில் இயங்கின. 1914 ஏப்ரலில் இங்கிலாந்து வந்து சேர்ந்த கணிதமேதை சீனிவாச இராமானுசன் முதல் சில நாட்கள் இங்குதான் தங்கினார். பின்னர் கேம்பிரிட்சில் கணிதவியலாளர் எரிக் நெவில் இல்லத்தில் சில வாரங்கள் இருந்து, அதன் பின் திரினிட்டிக் கல்லூரியில் அறை பெற்றார். கல்லூரி உணவுக்கூடத்தின் சைவ உணவையும் ஏற்க இயலாத அவர் தம் அறையிலேயே சமைத்து உண்டார். வரவேற்பு மையம், தெரிந்தவர் வீடு, நிலையான அறை என்னும் இதே வரிசையிலேயே இன்றும் பெரும்பாலான மாணவர்கள் குடியமர்கின்றனர்.

1920 இல் இலண்டனில் கிறித்தவ இளைஞர் சங்கத்தின் இந்திய மாணவர் விடுதி தொடங்கப்பட்டது. இதனை முன்னின்று நிறுவியவர் சேலத்தில் பிறந்த கே. தி. பால் ஆவார். இவ்விடுதி பின்னர் ஃபிட்சுராய் சதுக்கத்துக்கு மாறியது.

ஐக்கிய அமெரிக்காவில் ஆரி எட்மண்ட்சு என்பவரின் முயற்சியால் நியூயார்க்கில் 1924 இலும், பெர்க்லியில் 1930 இலும் பன்னாட்டு இல்லங்கள் திறக்கப்பட்டன. பல இனத்தவரும் ஒரே கூரையின் கீழ் தங்குவதைப் பெர்க்லி வீட்டு உரிமையாளர்கள் பலர் எதிர்த்தனர். அந்நகரில் வெளிநாட்டு மாணவருக்கு வாடகை வீடு மறுக்கப்பட்டு வந்ததே இல்லம் அமைக்கப்பட்டதற்கான முதன்மைக் காரணங்களுள் ஒன்றாகும்.

வீடு வாடகைக்கு விடுவதில் இனப் பாகுபாடு காட்டுவதை ஐக்கிய இராச்சியமும் ஐக்கிய அமெரிக்காவும் 1968 இல் இயற்றிய சட்டங்களின் மூலம் தடை செய்தன. ஐக்கிய இராச்சியத்தின் 1965 ஆம் ஆண்டு இன உறவுகள் சட்டம் வீட்டு வாடகையை உள்ளடக்கவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

ஒத்தி, லீசு, அட்வான்சு: சொற்களின் வேறுபாடு

தமிழ்நாட்டிலிருந்து செல்லும் மாணவர் தம் ஊரின் வாடகை வழக்கங்களை அளவுகோலாகக் கொண்டே வெளிநாட்டு ஒப்பந்தத்தைப் புரிந்துகொள்ள முற்படுகிறார். ஆனால் ஒரே சொல் இரு இடங்களிலும் வெவ்வேறு பொருள் தருவதால் குழப்பம் நேர்கிறது.

தேனி மாவட்டத்தில் பெரியகுளத்தை ஒட்டியுள்ள, பூண்டு வணிகத்துக்குப் பெயர்பெற்ற வடுகபட்டி போன்ற பேரூர்களில், வீடு பெரும்பாலும் தெரிந்தவர் வழியாகவே வாடகைக்குக் கிடைக்கிறது. குடிவருபவர் யார், எந்த ஊர், யாருக்கு உறவு என்பதே அங்கு நன்னடத்தைச் சான்றாக அமைகிறது. வாய்மொழி உடன்பாடு போதுமானதாகக் கருதப்படும் இடங்களும் உண்டு. இங்கு நிலவும் முறைகள் இரண்டு:

* வாடகை: மாதந்தோறும் பணம் செலுத்துதல். தொடக்கத்தில் அட்வான்சு என்னும் முன்பணம் அளிக்கப்படும். இது காலி செய்யும்போது திரும்பத் தரப்படும் பிணைத்தொகை ஆகும்.
* ஒத்தி: பெருந்தொகை ஒன்றை மொத்தமாகக் கொடுத்து, மாத வாடகை ஏதுமின்றிக் குடியிருந்து, காலம் முடிந்தவுடன் அத்தொகையைத் திரும்பப் பெறுதல். தொகையின் மீதான வட்டிப் பயன் வீட்டு உரிமையாளருக்குரியது.

சென்னை உள்ளிட்ட நகரங்களில் ஒத்தி முறையே லீசு என்று அழைக்கப்படுகிறது. ஆனால் ஐக்கிய அமெரிக்காவிலோ கனடாவிலோ லீசு என்பது குறித்த காலத்துக்கான வாடகை ஒப்பந்தத்தை மட்டுமே குறிக்கும். அங்கு 12 மாத லீசில் கையெழுத்திடுபவர், 12 மாதங்களுக்கும் வாடகை தர உறுதியளிக்கிறார். படிப்பு எட்டு மாதங்களில் முடிந்தாலும் மீதி நான்கு மாதங்களுக்கான பொறுப்பு தொடரும்.

அவ்வாறே அட்வான்சு என்பது தமிழ்நாட்டில் திரும்பக் கிடைக்கும் தொகை ஆகும். ஆங்கிலம் வழங்கும் நாடுகளில் அச்சொல் முன்கூட்டியே செலுத்தும் வாடகையைக் குறிக்கும். அது வாடகையில் கழியுமேயன்றித் திரும்பக் கிடைக்காது. திரும்பக் கிடைப்பது டெப்பாசிட்டு எனப்படும் பிணைத்தொகையே.

ஒத்தியை ஒத்த முறை தென்கொரியாவில் சொன்சே என்ற பெயரில் வழங்குகிறது. குறைந்த பிணைத்தொகையும் மாத வாடகையும் கொண்ட முறை அங்கு வொல்சே எனப்படும். சொன்சே முறையில் உரிமையாளர் தொகையைத் திருப்பித் தர இயலாமல் போனால் குடியிருப்பவர் முழுத்தொகையையும் இழக்க நேரிடும். இத்தகைய மோசடிகள் பெருகியதால் 2023 இல் பாதிக்கப்பட்டோருக்கான சிறப்புச் சட்டம் ஒன்றைத் தென்கொரியா இயற்றியது. ஒத்தி முறைக்குப் பழகிய தமிழ் மாணவர் சொன்சேயை எளிதில் புரிந்துகொள்வார். எனினும் ஊரில் அம்முறைக்குப் பாதுகாப்பாக இருக்கும் அறிமுகமும் உறவும் அங்கு இல்லை என்பதை நினைவில் கொள்ளுதல் வேண்டும்.

தங்குமிட வகைகள்

* பகிர்வு வீடு: பலர் தனித்தனி அறைகளில் தங்கி, சமையலறையையும் குளியலறையையும் பகிர்ந்துகொள்வது. ஜெர்மனியில் இது வேகே எனச் சுருக்கமாக அழைக்கப்படுகிறது.
* தனி அறைக் குடியிருப்பு: ஒரே அறையில் படுக்கையும் சமையலிடமும் அமைந்தது. தனிமை கிடைக்கும், செலவு கூடுதல்.
* உரிமையாளர் வீட்டு அறை: உரிமையாளரின் குடும்பம் வாழும் வீட்டிலேயே ஓர் அறை. பல நாடுகளில் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம் இதற்கு முழுமையாகப் பொருந்தாது.
* நிலவறைக் குடியிருப்பு: வீட்டின் நிலமட்டத்துக்குக் கீழுள்ள பகுதி. கனடாவில் பரவலாகக் காணப்படுகிறது.
* தனியார் மாணவர் குடியிருப்பு: மாணவர்களுக்கெனவே நிறுவனங்கள் கட்டி நடத்தும் அடுக்குமாடிக் கட்டிடம். தொலைவிலிருந்து முன்பதிவு செய்ய ஏற்றது, வாடகை மிகுதி.
* உள்வாடகை: ஏற்கெனவே ஒப்பந்தம் செய்துள்ள குடித்தனக்காரர், தாம் இல்லாத காலத்துக்கு அறையை வேறொருவருக்கு விடுதல். உரிமையாளரின் இசைவு தேவையா என்பதை முதலில் உறுதி செய்தல் வேண்டும்.

தேடும் முறை

பல்கலைக்கழக அனுமதிக் கடிதம் கிடைத்தவுடன் தேடலைத் தொடங்குவது வழக்கம். பொதுவாகப் பின்பற்றப்படும் படிநிலைகள் பின்வருமாறு:

1. பல்கலைக்கழக விடுதிக்கு உடனே விண்ணப்பித்தல். காத்திருப்போர் பட்டியல் நீண்டதாக இருந்தாலும் விண்ணப்பிப்பதால் இழப்பு குறைவு.
2. பல்கலைக்கழகத்தின் வளாகப்புறத் தங்குமிட அலுவலகத்தை அணுகுதல். பல அலுவலகங்கள் சரிபார்க்கப்பட்ட வீடுகளின் பட்டியலை வைத்திருப்பதுடன், ஒப்பந்தத்தைப் படித்து விளக்கியும் உதவுகின்றன.
3. இந்திய அல்லது தமிழ் மாணவர் சங்கத்தைத் தொடர்புகொள்ளுதல். படிப்பு முடித்து வெளியேறும் மூத்த மாணவரின் அறை புதிய மாணவருக்குக் கைமாறுவது வழக்கமான ஒன்று.
4. முதல் இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குத் தற்காலிகத் தங்குமிடம் ஏற்பாடு செய்தல்.
5. நேரில் பார்த்து, ஒப்பந்தத்தைப் படித்து, பின்னர் பணம் செலுத்துதல்.

நான்காவது படிநிலை கூடுதல் செலவாகத் தோன்றினும், காணாத வீட்டுக்கு ஓராண்டு ஒப்பந்தம் செய்வதால் விளையக்கூடிய இழப்புடன் ஒப்பிடுகையில் அது சிறியதே. தற்காலிக இடத்தில் முகவரிப் பதிவு செய்ய இயலுமா என்பதை முன்னரே கேட்டறிதல் நன்று.

வீட்டைத் தேர்ந்தெடுக்கும்போது வாடகையை மட்டும் ஒப்பிடுதல் போதாது. வெப்பமூட்டல், மின்சாரம், நீர், இணையம், போக்குவரத்து ஆகியவற்றைச் சேர்த்த மொத்த மாதச் செலவையே ஒப்பிட வேண்டும். வெப்பமூட்டல் என்னும் செலவே தமிழ்நாட்டு வழக்கில் இல்லாததால் இதனைக் கணக்கிடத் தவறுவோர் உண்டு.

நாடுகள் வாரியாக விதிமுறைகள்

ஜெர்மனி

ஜெர்மனியில் வாடகை இருவகையாகக் குறிக்கப்படும். இடத்துக்கு மட்டுமான வாடகை கால்ட்மீட்டே, அதாவது குளிர் வாடகை ஆகும். வெப்பமூட்டல் முதலிய துணைச் செலவுகள் சேர்ந்தது வார்ம்மீட்டே, அதாவது வெப்ப வாடகை ஆகும். விளம்பரத்தில் எது குறிக்கப்பட்டுள்ளது என்பதைக் கவனித்தல் வேண்டும். மின்சாரம் வெப்ப வாடகையிலும் சேராமல் இருக்கலாம்.

பிணைத்தொகை மூன்று மாதக் குளிர் வாடகைக்கு மேற்படக் கூடாது என்பதும், அதனை மூன்று சம மாதத் தவணைகளில் செலுத்தக் குடித்தனக்காரருக்கு உரிமை உண்டு என்பதும் சட்டமாகும். இவ்வுரிமை பன்னாட்டு மாணவருக்கு மிகவும் பயனுள்ளது. மாணவர் நுழைவிசைவுக்கான முடக்கக் கணக்கில் 2024 செப்டம்பர் முதல் ஆண்டுக்கு 11,904 யூரோ வைப்பிட வேண்டியதாயிற்று. அதிலிருந்து மாதத்துக்கு 992 யூரோ மட்டுமே எடுக்க முடியும். எடுத்துக்காட்டாக, ஓர் அறையின் குளிர் வாடகை 300 யூரோ, துணைச் செலவு 80 யூரோ எனக் கொள்வோம். பிணைத்தொகை 900 யூரோ ஆகும்.

* பிணைத்தொகை முழுவதையும் முதல் மாதமே செலுத்தினால்: 380 + 900 = 1,280 யூரோ. இது 992 யூரோவைத் தாண்டுகிறது.
* மூன்று தவணைகளில் செலுத்தினால்: 380 + 300 = 680 யூரோ. உணவு முதலியவற்றுக்கு 312 யூரோ எஞ்சுகிறது.

வீட்டில் குடியேறிய இரண்டு வாரங்களுக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்தல் கட்டாயம். இது அன்மெல்டுங் எனப்படும். இதற்கு வீட்டை விட்டவரின் எழுத்துவழி உறுதிமொழி தேவை. வரி அடையாள எண் இப்பதிவின் வழியே கிடைக்கிறது. வதிவிட அனுமதிக்கும் இப்பதிவு கேட்கப்படுகிறது. எனவே பதிவுக்கு இசையாத உரிமையாளரின் அறை, வாடகை குறைவாக இருப்பினும், மாணவருக்குப் பயன்படாது.

ஐக்கிய இராச்சியம்

இங்கிலாந்தில் 2019 ஆம் ஆண்டின் சட்டப்படி, ஆண்டு வாடகை 50,000 பவுண்டுக்குக் குறைவான வீடுகளுக்குப் பிணைத்தொகை ஐந்து வார வாடகைக்கு மேற்படக் கூடாது. வீட்டைப் பிடித்துவைக்கப் பெறும் தொகை ஒரு வார வாடகைக்கு மிகக் கூடாது. பிணைத்தொகையை உரிமையாளர் 30 நாட்களுக்குள் அரசு ஏற்பளித்த பாதுகாப்புத் திட்டம் ஒன்றில் வைப்பிடுதல் வேண்டும். காலி செய்யும்போது பிணக்கு எழுந்தால் அத்திட்டத்தின் நடுவர் தீர்த்து வைப்பார்.

பன்னாட்டு மாணவருக்கு இங்கு நேரும் முதன்மைத் தடை பிணையாளர் ஆகும். ஐக்கிய இராச்சியத்தில் வாழும், வருமானமுள்ள ஒருவரைப் பிணையாளராகக் காட்டுமாறு உரிமையாளர்கள் கேட்கின்றனர். அது இயலாதோரிடம் ஆறு மாத அல்லது ஓராண்டு வாடகையை ஒருசேரப் பெறும் வழக்கம் நிலவியது. 2025 இல் நிறைவேறிய வாடகைக் குடியிருப்போர் உரிமைகள் சட்டம், இங்கிலாந்தில் முன்கூட்டிப் பெறும் வாடகைக்கு ஒரு மாத வரம்பு விதித்தது. இம்மாற்றம் 2026 மே 1 முதல் நடைமுறைக்கு வருமாறு அறிவிக்கப்பட்டது. இங்கிலாந்தில் குடியமர்வோர் தம் நுழைவிசைவு நிலையை உரிமையாளரிடம் மெய்ப்பிக்கவும் வேண்டும்.

கனடா

ஒன்ராறியோ மாகாணத்தில் உரிமையாளர் பெறக்கூடிய வைப்புத்தொகை, இறுதி மாத வாடகைக்கு ஈடான தொகை மட்டுமே. சேதாரத்துக்கெனத் தனிப் பிணைத்தொகை கேட்பது சட்டத்துக்குப் புறம்பானது. 2018 ஏப்ரல் 30 முதல் பெரும்பாலான வீடுகளுக்கு மாகாண அரசின் நிலையான ஒப்பந்தப் படிவமே பயன்படுத்தப்பட வேண்டும். எனினும், சமையலறையையோ குளியலறையையோ உரிமையாளருடன் பகிர்ந்துகொள்ளும் குடித்தனத்துக்கு இச்சட்டப் பாதுகாப்பு இல்லை.

டொராண்டோவின் இசுகார்பரோ பகுதியில் தமிழர் பெருமளவில் வாழ்கின்றனர். தமிழர் வீடுகளின் நிலவறைக் குடியிருப்புகளில் தங்கும் தமிழ் மாணவர்களும் உளர். மொழியும் உணவும் ஒன்றாக இருப்பது புதிதாக வருவோருக்கு ஆறுதலளிப்பது. ஆயினும் ஒரே மொழியினர் என்பதற்காக எழுத்துவழி ஒப்பந்தத்தைத் தவிர்ப்பது பின்னர் பிணக்குக்கு வழிவகுக்கும்.

நிலவறைகளில் தீப் பாதுகாப்பு இன்றியமையாதது. புகை உணர்கருவி, கார்பனோராக்சைடு உணர்கருவி, வெளியேறத் தக்க அளவுள்ள சாளரம் அல்லது வாயில் ஆகியவை உள்ளனவா என்று பார்த்தல் வேண்டும். 2018 இல் இசுகார்பரோவில் உரிமமற்ற பலர் தங்கும் வீடு ஒன்றில் ஏற்பட்ட தீயில் பல்கலைக்கழக மாணவி ஒருவர் உயிரிழந்தார். அக்காலத்தில் இசுகார்பரோவில் இத்தகைய வீடுகளுக்கு அனுமதியே இல்லாததால் அவை மறைவாக இயங்கின, ஆய்வுக்கும் உட்படவில்லை. 2024 மார்ச் 31 முதல் நகரம் முழுவதிலும் உரிமத்துடன் இவற்றை நடத்த டொராண்டோ மாநகராட்சி வகை செய்தது.

மாணவரின் வாழ்க்கைச் செலவுக்கான நிதிச் சான்று 10,000 டாலரிலிருந்து 2024 சனவரி 1 முதல் 20,635 டாலராக உயர்த்தப்பட்டது. அதே மாதம், வீட்டுப் பற்றாக்குறையையும் ஒரு காரணமாகக் காட்டி, புதிய கல்வி அனுமதிகளுக்குக் கனடிய அரசு உச்சவரம்பு விதித்தது.

ஐக்கிய அமெரிக்கா

இங்கு வீட்டு உரிமையாளர்கள் விண்ணப்பதாரரின் கடன் வரலாற்றைப் பார்க்கின்றனர். புதிதாக வந்த மாணவருக்குச் சமூகப் பாதுகாப்பு எண்ணோ கடன் வரலாறோ இருப்பதில்லை. அனுமதிக் கடிதம், ஐ-20 படிவம், வங்கி இருப்புச் சான்று, உதவித்தொகைக் கடிதம் ஆகியவற்றை மாற்றாகக் காட்டலாம். பல்கலைக்கழகத்தை அடுத்துள்ள உரிமையாளர்கள் பலர் இவற்றை ஏற்கின்றனர்.

பிணைத்தொகை வரம்பு மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். மாசசூசெட்சில் ஒரு மாத வாடகைக்கு மேற்படக் கூடாது, ஆனால் இறுதி மாத வாடகையையும் சேர்த்துக் கேட்கலாம். கலிபோர்னியாவில் 2024 சூலை 1 முதல் பெரும்பாலான வீடுகளுக்கு ஒரு மாத வாடகையே வரம்பு ஆகும். எஃப்-1 நுழைவிசைவில் உள்ள மாணவர் முகவரி மாறினால் 10 நாட்களுக்குள் தம் கல்வி நிறுவனத்தின் பன்னாட்டு மாணவர் அலுவலருக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்.

ஆஸ்திரேலியா

நியூ சவுத் வேல்சு மாநிலத்தில் பாண்டு எனப்படும் பிணைத்தொகை நான்கு வார வாடகைக்கு மேற்படக் கூடாது. அது உரிமையாளரிடம் இருப்பதில்லை, மாநில அரசின் அமைப்பிடம் வைப்பிடப்படுகிறது. விக்டோரியாவிலும் பிணைத்தொகை அரசு அமைப்பிடமே வைப்பிடப்படுகிறது.

ஒப்பந்தமும் கூட்டுப் பொறுப்பும்

பகிர்வு வீட்டில் ஒப்பந்தம் இருவகையில் அமையலாம். ஒவ்வொருவரும் தம் அறைக்கு மட்டும் தனித்தனியாகக் கையெழுத்திடுவது ஒருவகை. அனைவரும் சேர்ந்து முழு வீட்டுக்கும் கையெழுத்திடுவது மற்றொரு வகை. பின்னதில் கூட்டுப் பொறுப்பு உருவாகிறது. அதாவது, முழு வாடகைக்கும் ஒவ்வொருவரும் பொறுப்பாவர்.

எடுத்துக்காட்டாக, நால்வர் சேர்ந்து மாதம் 2,000 டாலர் வாடகைக்கு வீடு எடுத்தால் ஆளுக்கு 500 டாலர் ஆகும். ஒருவர் படிப்பை விட்டு ஊர் திரும்பினால், உரிமையாளர் எஞ்சிய மூவரிடம் 2,000 டாலரையும் கேட்கலாம். அப்போது ஒருவர் பங்கு ஏறத்தாழ 667 டாலர் ஆகும். நண்பர்களாயினும், இடையில் விலகுபவர் மாற்று ஆளைத் தேடித் தருதல் வேண்டும் என்பதைத் தம்முள் எழுதிவைத்துக்கொள்வது பிணக்கைத் தவிர்க்கும்.

குடியேறும் நாளிலேயே சுவர், தரை, கழிவறை, அடுப்பு ஆகியவற்றை நாள் குறிப்புடன் ஒளிப்படம் எடுத்து, உரிமையாளருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவைத்தல் நன்று. முன்பே இருந்த சேதத்துக்காகப் பிணைத்தொகையில் பிடித்தம் செய்யப்படும்போது இதுவே சான்றாகும்.

மோசடிகள்

பன்னாட்டு மாணவரைக் குறிவைக்கும் வாடகை மோசடிகள் பெரும்பாலும் ஒரே வடிவில் நிகழ்கின்றன. வேறொரு விளம்பரத்திலிருந்து எடுக்கப்பட்ட படங்களுடன், சந்தை விலையை விடக் குறைந்த வாடகைக்கு வீடு விளம்பரப்படுத்தப்படும். உரிமையாளர் தாம் வெளிநாட்டில் இருப்பதாகவும், பணம் கிடைத்ததும் சாவியை அஞ்சலில் அனுப்புவதாகவும் கூறுவார். வேறு பலரும் கேட்பதாகச் சொல்லி அவசரப்படுத்துவார்.

இந்தியாவிலிருந்து வங்கி வழியாக அனுப்பப்பட்ட தொகை பெறுநர் கணக்கில் சேர்ந்துவிட்டால் திரும்பப் பெறுவது மிகக் கடினம். அத்தொகை கல்விக் கடனிலிருந்து வந்ததாயின், இழந்த பணத்துக்கும் வட்டி கட்ட வேண்டியிருக்கும். நிலத்தையோ வீட்டையோ ஈடு வைத்துக் கடன் பெற்ற குடும்பத்துக்கு இது பேரிழப்பாகும். பின்வரும் முன்னெச்சரிக்கைகள் பரிந்துரைக்கப்படுகின்றன:

* வீட்டைத் தாமோ, அந்நகரில் உள்ள நம்பகமான ஒருவரோ நேரில் பார்க்கும் வரை பணம் அனுப்பாதிருத்தல்.
* நேரில் இயலாவிடின் நேரடிக் காணொளி அழைப்பில் வீட்டையும் தெருவையும் காட்டச் சொல்லுதல். பதிவு செய்யப்பட்ட காணொளி போதாது.
* விளம்பரப் படங்களைப் படத்தேடலில் இட்டு, வேறெங்கும் உள்ளனவா என்று பார்த்தல்.
* உரிமையாளரின் பெயரும் வங்கிக் கணக்கின் பெயரும் பொருந்துகின்றனவா என்று ஒப்பிடுதல்.
* கடவுச்சீட்டின் படியைக் கேட்டவுடன் அனுப்பாதிருத்தல்.
* ஏமாற நேர்ந்தால் உடனே வங்கிக்கும் காவல்துறைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் தெரிவித்தல்.

தமிழ்நாட்டில் பயிலும் வெளிநாட்டு மாணவர்

தமிழ்நாட்டுக்குப் படிக்க வரும் வெளிநாட்டு மாணவர்களும் இதே இடர்ப்பாடுகளை மறுதிசையில் எதிர்கொள்கின்றனர். உணவுப் பழக்கம், மணமாகாதவர் என்னும் நிலை, தோற்றம் முதலியவற்றைக் காட்டி வீடு மறுக்கப்படுவது உண்டு. சென்னையில் பத்து மாத வாடகையை முன்பணமாகப் பெறும் வழக்கம் நெடுங்காலம் நிலவியது. 2017 ஆம் ஆண்டு இயற்றப்பட்டு 2019 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு நில உரிமையாளர்கள், வாடகைதாரர்கள் உரிமைகள், பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறு விதமாகக் குறிக்கப்படாவிடின், பிணைத்தொகையை மூன்று மாத வாடகைக்கு வரையறுத்தது. எழுத்துவழி ஒப்பந்தத்தையும் அதன் பதிவையும் அது கட்டாயமாக்கியது.

வெளிநாட்டவரைத் தம் வீட்டில் தங்கவைப்பவர், அவர் வந்த 24 மணி நேரத்துக்குள் அவரது விவரங்களைப் பதிவு அலுவலருக்கு இணையவழியே தெரிவித்தல் வேண்டும். நெடுங்காலமாக இது சி படிவம் என்று அறியப்பட்டது. 1946 ஆம் ஆண்டின் வெளிநாட்டவர் சட்டத்துக்கு மாற்றாக 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டத்தின் கீழும் இக்கடமை தொடர்கிறது. 180 நாட்களுக்கு மேற்பட்ட மாணவர் நுழைவிசைவில் வருவோர், வந்த 14 நாட்களுக்குள் தம்மைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். சென்னையில் இதற்கென வட்டார அலுவலகம் உள்ளது. பிற மாவட்டங்களில் பெரும்பாலும் மாவட்டக் காவல் கண்காணிப்பாளரே பதிவு அலுவலர் ஆவார். எனவே, வெளிநாட்டு ஆய்வு மாணவர் ஒருவர் வடுகபட்டியில் வாடகைக்கு வீடு எடுத்தால், அவரது பதிவு தேனி மாவட்டக் காவல் அலுவலகத்தைச் சாரும். இவ்விதியை அறியாத உரிமையாளர் பின்னர் சட்டச் சிக்கலுக்கு உள்ளாகலாம். விதியை அரைகுறையாக அறிந்தவரோ அச்சத்தால் வீடு தர மறுத்துவிடுகிறார். பதிவு இணையவழியே செய்யப்படுவது என்பதை மாணவர் விளக்கிச் சொல்வதே பல வேளைகளில் போதுமானது.

கலைச்சொற்கள்

* பிணைத்தொகை: சேதாரத்துக்கும் நிலுவைக்கும் ஈடாகப் பெற்று, காலி செய்யும்போது திருப்பித் தரப்படும் தொகை.
* முன்வாடகை: வருங்கால மாதங்களுக்காக முன்பே செலுத்தப்படும் வாடகை. வாடகையில் கழிக்கப்படும்.
* பிணையாளர்: மாணவர் வாடகை தராவிடில் தாம் தருவதாக உறுதியளிப்பவர்.
* கூட்டுப் பொறுப்பு: ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட ஒவ்வொருவரும் முழு வாடகைக்கும் பொறுப்பாதல்.
* உள்வாடகை: குடித்தனக்காரர் வேறொருவருக்கு விடும் வாடகை.
* முடக்கக் கணக்கு: மாதந்தோறும் வரையறுத்த தொகையை மட்டுமே எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கு.

இவற்றையும் பார்க்க

* மாணவர் விடுதி
* இந்தியா இல்லம், இலண்டன்
* ஒத்தி
* கல்விக் கடன்
* தமிழர் புலம்பெயர்வு